தொண்டை கட்டிக்கொண்டு ஜப்பானுக்குப் பாடம்

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு மாடி அறையிலிருந்துதான் ஜப்பான்காரர்களுக்கு ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே கடிகாரம் மூன்றரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலை நான்கு என்றால் இங்கே மதியம் பன்னிரண்டரை. ஆபீஸ் முடித்துவிட்டு இரவு ஒன்பதுக்கு வருகிறவர்கள் நமக்கு ஐந்தரைக்கு வருவார்கள். ஆக, மதியத்திலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வரை வாய் ஓயாது.

ஒரு சளி வந்து போனது, குரல் மட்டும் திரும்பி வரவில்லை. அம்மா அதிமதுரம், மிளகுப் பால், சுக்குக் கஷாயம் என்று ஒரு சுற்று வந்தாள். இதமாக இருந்தது, அவ்வளவுதான். குழந்தைகளைப் பாராட்டக் குரலை உயர்த்தினால் வெறும் காற்றுதான் வந்தது. கரகரப்பு நான்கு வாரத்தில் சரியாகவில்லை என்றால் குரல்வளையை உள்ளே பார்த்துவிட வேண்டும் என்பது இ.என்.டி. டாக்டர்களின் கணக்கு. அதைத் தாண்டிய பிறகுதான் போனேன்.

மூக்கில் மரத்துப்போகும் ஸ்ப்ரே அடித்து, மெல்லிய கேமராக் குழாயை விட்டார்கள். வலியில்லை, கண்ணில் தண்ணீர் மட்டும் கொட்டியது. திரையில் குரல் நாண்கள் இரண்டும் வெள்ளைப் பட்டைகளாகத் தெரிந்தன, இரண்டிலும் நேருக்கு நேர் சின்னத் தடிப்பு. பெண்கள் சாதாரணமாகப் பேசும்போதே அவை விநாடிக்குச் சுமார் 200 முறை சேர்ந்து பிரிகின்றன. ஓயாமல் அழுத்திப் பேசினால், மண்வெட்டி பிடித்த கையில் விழுவது போல அங்கேயும் காய்ப்பு விழுமாம். நாட்யூல் என்றார் டாக்டர். கத்தி வைப்பார்களோ என்று பயந்தேன். “முதல்ல குரல் பயிற்சிம்மா. பேசுற விதம் மாறலன்னா ஆபரேஷன் பண்ணாலும் திரும்ப வரும்.”

பயிற்சி தந்தவர் மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்தில் படித்தவர். வீட்டில் கன்னடம், என்னிடம் சரளமாகத் தமிழ். ‘ஆ’ என்று ஒரே மூச்சில் இழுக்கச் சொன்னார், பத்து விநாடி கூடத் தாங்கவில்லை. பிறகு நான் வகுப்பு எடுக்கும் வீடியோ ஒன்றைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். முதலில் அவர் கண்ணில் பட்டது என் தொண்டையே இல்லை, ஹெட்போன்!

இரைச்சலில் யாரானாலும் தன்னையறியாமல் சத்தமாகப் பேசுவார்கள். காதை இறுக மூடினாலும் அதே கதைதான், தன் குரல் தனக்குச் சரியாகக் கேட்காது. எனக்கோ இரண்டும் சேர்ந்துகொண்டன. வெளியே ஆட்டோ ஹாரன், ஆடி மாதம் என்றால் அம்மன் கோயில் ஒலிபெருக்கி, காதில் பஞ்சு மெத்தை போன்ற ஹெட்போன். அன்றிலிருந்து ஒரு காதைத் திறந்தே வைக்கிறேன்.

கிசுகிசுத்துப் பேசினால் குரலுக்கு ஓய்வு என்று நினைத்திருந்தேன். பலருக்கு அதுதான் கூடுதல் சிரமமாம். தொண்டையைச் செருமுவதற்குப் பதில் ஒரு மடக்குத் தண்ணீர். மெந்தால் மிட்டாய் உலர்த்தும் என்பதால் அதற்கும் தடை. அப்புறம், டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா விட்டுக் குமிழி வர ‘ஊ’ என்று இழுக்கும் பயிற்சி, தினமும். என் மகனுக்கு இது பெரிய வேடிக்கை.

எனக்கு வேலை தரும் கம்பெனியில் மருத்துவ விடுப்பு என்று ஒன்றில்லை. வகுப்பை ரத்து செய்தால் வரிசையில் கீழே தள்ளிவிடுவார்கள், புது மாணவர்கள் வரமாட்டார்கள். முழுதாக நிறுத்த முடியாது, பாதியாகக் குறைத்தேன். குழந்தைகளுக்குப் படக்கட்டளை அட்டைகள்: நான் எழுந்தால் அவர்கள் எழ வேண்டும், மூக்கைத் தொட்டால் தொட வேண்டும். பிறகு அவர்கள் ஆங்கிலத்தில் கட்டளையிட, நான் ஆட வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் வகுத்த முறை இது. எனக்கோ பேசாமல் பிழைக்கும் வழி.

பெரியவர்கள் வகுப்புதான் மாறிப்போனது. என் மாணவர்களில் பலர் மனதுக்குள் வாக்கியத்தை முழுசாகக் கட்டிய பிறகே வாய் திறப்பார்கள். அந்த மௌனம் பொறுக்காமல் நானே பதிலைச் சொல்லிவிடுவது வழக்கம். இப்போது குரலைச் சேமிக்க வேண்டியிருந்ததால் காத்திருந்தேன், அவர்களே முடித்தார்கள். ஒருவர் இனி இப்படியே நடத்துங்கள் என்று எழுதினார். ஒரு குழந்தையின் அம்மா மட்டும் டீச்சரிடம் உற்சாகம் குறைந்துவிட்டது என்று குறை எழுதிவிட்டுப் போனார். அதுவும் உண்மைதான்.

அடுத்த பரிசோதனையில் தடிப்பு பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. இப்போது இரண்டு வகுப்புகளுக்கு நடுவே கால் மணி நேரத்தை நானே அடைத்துவைக்கிறேன், வருமானம் குறைந்தாலும் பரவாயில்லை. இதே வேலையில் இருப்பவர்கள் இ.என்.டி.யில் டோக்கன் போடும்போதே குரல் பயிற்சியாளர் அங்கே இருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். எல்லா இடத்திலும் இருப்பதில்லை.