ஆறு தந்தி பாஞ்சோ

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் பல ஆண்டுகளாகக் கிட்டார் வாசித்துவரும் நான், சென்ற மாதம் ஆறு தந்தி பாஞ்சோ ஒன்றை வாங்கினேன். சுருதி அமைப்பு கிட்டாருடையதே என்பதால் புதிதாகக் கற்க எதுவும் இராது என்று எண்ணியது பாதிதான் சரி; மரப்பலகைக்குப் பதிலாக இழுத்துக் கட்டிய சவ்வின்மேல் குதிரை (தந்திகளைத் தாங்கும் சிறு கட்டை) நிற்பதால், ஒலி பளிச்சென்று எழுந்து உடனே அடங்கிவிடுகிறது. ஆறு தந்திகளையும் சேர்த்து மீட்டினால் தடித்த தந்திகளின் நாதம் கலங்கிப்போகிறது. ஆகவே மூன்று தந்திகளை மட்டும் தொட்டு, மற்றவற்றை உள்ளங்கையால் அடக்கி வாசிக்கிறேன்.

குதிரை ஒட்டப்படாதது. முதல் நாள் எல்லாத் தந்திகளையும் ஒருசேரத் தளர்த்தியதும் அது சரிந்து விழுந்தது.

இதைக் கிட்டார்க்காரர்களின் குறுக்குவழி என்று ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழு 1925இல் தொடங்கிய பதிவுகளில் ஜானி செயின்ட் சைர் வாசித்ததும் ஆறு தந்தி பாஞ்சோவே.