கெட்டி முதலிகளின் கோயிலும் 700 ரூபாய் ஆட்டோவும்

நேற்று ராத்திரிதான் சேலத்திலிருந்து வீடு திரும்பினேன். சூடு ஆறுவதற்குள் சேலத்துக்குப் பக்கத்து ஊரான தாரமங்கலத்தைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

போன பஸ் படுமோசம். ஜன்னல் கண்ணாடி மூடவில்லை, உட்கார இடமில்லை, இறங்கும்போது சட்டை முழுக்கப் புழுதி. கைலாசநாதர் கோயில் கோபுரத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது. அடித்தளத்தையே தேராகச் செதுக்கி, யானையும் குதிரையும் இழுப்பதுபோல வைத்திருக்கிறார்கள். உள்ளே கல்லிலேயே சங்கிலி. ராமன் மறைந்து நிற்கும் தூணருகே நின்றால் வாலி தெரிகிறான்; வாலி பக்கம் போய்ப் பார்த்தால் ராமன் தெரியவில்லை. மூன்று தடவை நடந்து நடந்து பார்த்தேன்!

இவ்வளவுக்கும் காசு எங்கிருந்து வந்தது? இந்தக் கோயிலை எழுப்பிய கெட்டி முதலிகள் மதுரை நாயக்கர்களுக்குக் கீழிருந்த பாளையக்காரர்கள். விஜயநகரத்தில் படை வைத்துக்கொள்ளத் தந்த நிலத்துக்கு அமரம் என்று பெயர். அதே வழியில் மதுரையில் விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள். வசூலில் மூன்றில் ஒரு பங்கு மதுரைக்கு, ஒரு பங்கு படைச் செலவுக்கு, மிச்சம் பாளையக்காரருக்கு. கூப்பிட்டால் ஆளோடும் ஆயுதத்தோடும் போய் நிற்க வேண்டும். உழுதவன் கொடுத்த நெல்தான் வேலும் குதிரையும் ஆனது, இந்தத் தூண்களும் ஆனது. சிற்பத்தைப் படமெடுக்கிற நாம் அவனையும் ஒரு நிமிஷம் நினைக்க வேண்டாமா?

1792-ல் சேலம் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கம்பெனி அதிகாரிகளான ரீடும் மன்றோவும் குடியானவரிடமே நேராக வரி வாங்கத் தொடங்கினார்கள். கம்பெனியிடம் சம்பளச் சிப்பாய் இருந்தான். படைக்காக நிலம் விடும் தேவை அதற்கு இல்லை.

கெட்டி முதலிகளின் பழைய ஊரான அமரகுந்திக்கும் போக ஆசை. ஆட்டோக்காரர் போகவர 700 கேட்டார். பேரம் பேசியும் பத்து ரூபாய்கூட இறங்கவில்லை. அநியாயம்! பர்ஸில் இருந்ததே 900. ஆனாலும் ஏறிவிட்டேன். தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கிலிட்ட சங்ககிரிக் கோட்டைக்கு அதனால் போக முடியாமல் போனது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

சேலம் திரும்பி ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிட்டேன். பீட்ரூட், கேரட் துருவல், காரச் சட்னி, மொறுமொறு தட்டுவடை. அந்த ருசிக்கு ஈடே இல்லை. இரண்டாவது தட்டும் வாங்கினேன்.

போகிறவர்கள் மாசியில் போங்கள். மேற்கு பார்த்த கோயில். அந்த மாதம் மூன்று நாள் சாயங்கால வெயில் லிங்கத்தின்மேல் விழும்.