தூண் மேல் நிற்கும் வீடுகள்

2001 குஜராத் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகளில் பல, கீழே வண்டி நிறுத்த வெறும் தூண்கள் மட்டும் விட்டுக் கட்டியவை. சென்னையில் வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் தெருவுக்குத் தெரு இதே அமைப்புதான். 2002லேயே சென்னையை நிலநடுக்க வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து, ஆபத்து கூடுதலான மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றிவிட்டார்கள். வீடு வாங்கும்போது வாஸ்து கேட்கிறோம். தூணில் நீளக் கம்பிகளைச் சுற்றி வளையமாகப் போடும் ரிங் கம்பியை எவ்வளவு நெருக்கமாகக் கட்டினார்கள் என்றும் கேளுங்கள், தயவுசெய்து.

சரி, வீடு இழந்தவர்கள் எங்கே தங்குவது? ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் 1995 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பானின் கோபே நகரில், வீடு இழந்தவர்களுக்குக் காகிதக் குழாய்களால் சுவர் எழுப்பித் தற்காலிக வீடுகள் கட்டினார். அடித்தளம், மணல் நிரப்பிய பீர் கிரேட்டுகள். 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு குஜராத்தின் புஜ்ஜிலும் அவர் இதே வீட்டைக் கட்டினார்; அங்கே பீர் கிரேட் கிடைக்கவில்லை, அதனால் இடிந்த கட்டடங்களின் கல்லையே அடித்தளமாக்கி, மேலே மண் தரை போட்டார்கள். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. நம்ம ஊர் மழைக்குத் தரை இன்னும் உயர வேண்டும், வீட்டின் சட்டகத்துக்கு மூங்கில் போதும். இப்படிப்பட்ட வீடுகளை எந்தெந்த மைதானத்தில் கட்டுவது என்பதை மாநகராட்சி இப்போதே முடிவு செய்து வைக்கட்டும்.