சுதர்சனைப் பற்றி 40 நிமிடம்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் படிவம் 5 பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். பினாங்குத் தீவில் இருக்கும் ஒரு வாசிப்பு வட்டத்தினர், இயற்பியலாளர் ஈ.சி.ஜி. சுதர்சனைப் பற்றி 40 நிமிடம் தமிழில் பேச முடியுமா என்று கேட்டார்கள். வீட்டில் சொன்னபோது, "ஈ.சி.ஜி.யா? உனக்கு நெஞ்சுவலியா?" என்று பதறினார் அம்மா.

வாழ்க்கைக் கதையை ஒரே மாலையில் எழுதிவிட்டேன். 1931-இல் கோட்டயம் பக்கம் பிறந்தவர். சென்னைக் கிறித்துவக் கல்லூரி, பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனம், 1958-இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் முனைவர் பட்டம், 1969 முதல் டெக்சஸ். எண்பதுகளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநர். மறைந்தது 2018-இல்.

மீதிப் பக்கமெல்லாம் 2005 நோபல் கதை. ஒளியைக் குவாண்டம் கணக்கில் எழுதும் ஒரு முறை 1963-இல் வந்தது. இன்றும் அதற்கு கிளாபர்–சுதர்சன் என்று இருவர் பெயரும் உண்டு. பரிசில் பாதி அமெரிக்க இயற்பியலாளர் கிளாபருக்குப் போனது, சுதர்சனுக்கு ஒன்றுமில்லை. அவரே நோபல் குழுவுக்குக் கடிதம் எழுதினார். நான் விடுவேனா? பொரிந்து தள்ளியிருந்தேன்.

டியூஷனில் ஒத்திகை பார்த்தேன். முடிந்ததும் ஒரு மாணவி, "சார், பரிசு கிடைக்கலைன்னு நாலு தடவை சொன்னீங்க. அவர் என்ன கண்டுபிடிச்சார்னு புரியவே இல்லையே" என்றாள். சரி, எல்லாவற்றையும் கிழித்துப் போட்டு மறுபடி தொடங்கினேன்.

1977-இல் சுதர்சன், மிஸ்ரா என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து எழுதிய ஸீனோ முரணைப் பிடித்துக்கொண்டேன். அடிக்கடி அளந்துகொண்டே இருந்தால் அணு தன் நிலையிலிருந்து மாறாமலே நின்றுவிடும். இதைத் தமிழில் சொல்லத்தான் மூன்று வாரம் பிடித்தது. வழி அடுப்படியில் கிடைத்தது: நின்று பார்த்தால் பால் பொங்காது, திரும்பினால் பொங்கிவிடும்! பாலுக்கு அது நம் பிரமை. அணுவுக்கோ கணக்கு இருக்கிறது. ஆரம்பத்தில் மாறும் வாய்ப்பு நேரத்தின் வர்க்கமாக வளர்கிறது. பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நூறில் ஒரு பங்குதான். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அது பழைய நிலைக்கே திரும்பிவிடுவதால், பத்து முறை பார்த்தாலும் மொத்தம், பார்க்காமல் விட்டால் வரும் வாய்ப்பில் பத்தில் ஒரு பங்கு. 1990-இல் பெரிலியம் அயனிகளை வைத்துச் செய்தும் காட்டிவிட்டார்கள்.

பேச்சு நாளன்று மண்டபத்துக் கணினியில் என் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. அணைத்துவிட்டு வெள்ளைப் பலகையில் பால் சட்டி வரைந்தேன். அதுவே நல்லதாகப் போயிற்று. நோபலுக்கு இரண்டே நிமிடம்.

கேள்வி நேரத்தில் ஒரு பெரியவர் எழுந்தார். "தம்பி, மனுசன்தான் பாக்கணுமா, மெசினு பாத்தா போதாதா?"

மெசினே போதும், அந்தச் சோதனையில் லேசர் ஒளி பட்டதே போதுமானதாக இருந்தது என்றேன்.

"அப்போ பாலுக்கு?" என்றார்.

அதற்குள் தேநீர் வந்துவிட்டது.