ஈஸ்ட், பூஞ்சணம் டெஸ்ட் ரிப்போர்ட்: அந்த ஒரு வரியை மட்டும் நம்பாதீர்கள்

தீபாவளி நெருங்கினால் எனக்கு வரும் போன்களில் பாதி இதே கேள்வியோடுதான் வரும். "தம்பி, நீ லேபுலதானே வேலை பாக்குறே, நம்ம பொருளைக் கொஞ்சம் டெஸ்ட் பண்ணிக் கொடுக்க முடியுமா?" சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டில் பருப்புப்பொடியும் அதிரசமும் செய்து விற்கும் அக்காக்கள், லிட்டில் இந்தியா தேக்கா பக்கம் சின்னக் கடை வைத்திருக்கும் அண்ணன்கள். ஓசியில் முடியாது என்று சொல்லிவிடலாம், அதில் சங்கடம் இல்லை. எங்கோ காசு கொடுத்து வாங்கிய ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "ஈஸ்ட், மோல்ட் (பூஞ்சணம்தான்) 100க்கும் குறைவுன்னு போட்டிருக்கே, அப்போ சுத்தம்தானே?" என்று கேட்கும்போதுதான் மாட்டிக்கொள்கிறேன்.

முதலில் அந்த 100 எங்கிருந்து வருகிறது? 25 கிராம் சாம்பிளை 225 மில்லி பெப்டோன் தண்ணீரில் போட்டு, பையோடு மெஷினில் வைத்துப் பிசைந்து, அதிலிருந்து 0.1 மில்லியை எடுத்து அகார் பிளேட்டில், அதாவது கிருமி வளர்க்கும் ஜெல்லி ஊற்றிய தட்டில், பரப்புகிறோம். கணக்குப் போட்டால் அந்தத் துளிக்குள் உங்கள் பொருள் 0.01 கிராம்தான் இருக்கிறது. அதில் ஒரு காலனிகூட, அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒரு வளர்ச்சிப் புள்ளிகூட, வரவில்லை என்றால், ஒரு கிராமில் 100க்கும் குறைவு என்று எழுதலாம், அவ்வளவுதான். பூஜ்யம் என்று எழுத நமக்கு உரிமை இல்லை.

அப்புறம் எந்த அகார் என்று பாருங்கள். ஐஎஸ்ஓ 21527 என்று 2008இல் வந்த ஒரு தரமுறை இதை இரண்டு பாகமாகப் பிரித்து வைத்திருக்கிறது. பிரிக்கும் கோடு வாட்டர் ஆக்டிவிட்டி, அதாவது பொருளில் உள்ள தண்ணீரில் கிருமிகள் பயன்படுத்திக்கொள்ளக்கூடியது எவ்வளவு என்பதற்கான அளவு. சுத்தமான தண்ணீருக்கு 1. பழம், ஜூஸ், தயிர் மாதிரி 0.95க்கு மேல் இருப்பவற்றுக்கு டிஆர்பிசி என்ற இளஞ்சிவப்பு அகார். மிளகாய்த்தூள், மாவு, கருவாடு, ஜாம் போல 0.95உம் அதற்குக் கீழும் இருப்பவற்றுக்கு 18 சதவீதம் கிளிசரால் கலந்த டிஜி18 அகார். இது ஏதோ லேப்காரர்களின் சம்பிரதாயம் இல்லை. காய்ந்த பொருளில் வாழப் பழகிய பூஞ்சணங்கள் சிலவற்றுக்கு ஈரமான அகார் ஒத்துக்கொள்வதில்லை. கருவாட்டில் வருமே வாலீமியா செபி என்ற பூஞ்சணம், சாக்லேட் நிறத்தில் பொட்டுப் பொட்டாக, அதை டிஆர்பிசியில் தேடினால் தவறவிட நிறைய வாய்ப்பு உண்டு. ரிப்போர்ட் சுத்தமாக வரும், கருவாடு அப்படி இருக்காது. ஆகவே சாம்பிள் கொடுக்கும்போது 'மசாலாப் பொருள்' என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் காய்ந்த பொடியா, ஈர விழுதா என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

அந்த இளஞ்சிவப்பு டிஆர்பிசி அகார் ரொம்பத் தொட்டாற்சுருங்கி. ரோஸ் பெங்கால் சாயமும் டைக்குளோரானும் பூஞ்சணம் பிளேட் முழுக்கப் படராமல் பிடித்து வைக்கும், குளோராம்பெனிக்கால் பாக்டீரியாவை அடக்கும். ஆனால் வெளிச்சம் பட்டால் சாயம் சிதைந்து ஈஸ்ட்டையே கொல்லும் பொருளாக மாறிவிடும், அதனால் எல்லாம் இருட்டில்தான். 25 டிகிரியில் 5 நாள். சிங்கப்பூரில் 25 டிகிரி என்றால் குளிரூட்டும் வசதியுள்ள இன்குபேட்டர் வேண்டும், பெஞ்சு மேல் வைத்து வளர்க்கிற கதையெல்லாம் இங்கே நடக்காது. நடுவில் எடுத்துத் திருப்பிப் பார்க்கவும் கூடாது, வித்துக்கள் உதிர்ந்து பக்கத்தில் புதுக் காலனி முளைத்துவிடும். 48 மணி நேரத்தில் சொல்லிவிடும் ரெடிமேட் பிலிம்களும் இருக்கின்றன, நல்லவைதான், ஆனால் உங்கள் பொருளுக்கு அது சரிப்படுமா என்று லேபில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை வந்த பிறகும் ஒரு சிக்கல். ஈஸ்ட் தனித்தனிச் செல், ஓரளவு எண்ணலாம். பூஞ்சணம் நூல் நூலாகப் படர்வது. வித்து விடாத இளம் பூஞ்சணம் ஒரு பெரிய திட்டாக இருந்தாலும் சில காலனிகளாகத்தான் தெரியலாம், வித்து விட்ட ஒரு சின்னப் புள்ளி பிசையும்போது உதிர்ந்து ஆயிரக்கணக்கில் காட்டலாம். அதனால் 300க்கும் 500க்கும் நடுவே உள்ள வித்தியாசத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மாதா மாதம் 100க்கும் குறைவாக வந்துகொண்டிருந்தது திடீரென்று 5,000 என்றால்தான் அரைக்கும் மெஷினையும் பொட்டலம் போடும் இடத்தையும் போய்ப் பார்க்க வேண்டும்.

நிலக்கடலை, மிளகாய் விஷயத்தில் இந்த டெஸ்ட் மட்டும் போதவே போதாது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணம் விட்டுச் செல்லும் அஃப்லாடாக்சின் நச்சு சாதாரண வறுவலுக்கெல்லாம் முழுசாகப் போகாது. வறுத்தால் பூஞ்சணம் செத்துவிடும், காலனி எதுவும் வராது, நச்சு மிச்சம் கிடக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்ததற்கு அவற்றுக்குப் போட்ட கடலைப் பிண்ணாக்குத்தான் காரணம் என்று தெரிந்த பிறகே உலகம் இதைக் கண்டுகொண்டது. நச்சுக்குத் தனி டெஸ்ட் இருக்கிறது, தனிக் காசும்தான்.

இட்லி மாவைக் கொண்டுவந்து ஈஸ்ட் எவ்வளவு என்று கேட்பவர்களும் உண்டு. புளித்த மாவில் ஈஸ்ட் இருக்கத்தான் செய்யும். மாவைப் பொங்க வைப்பதில் பெரும்பங்கு லூக்கனோஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு, ஈஸ்ட்டும் கூடச் சேர்ந்துகொள்ளும். அந்தக் காசில் நோய் தரும் ஈகோலை, சால்மொனெல்லா பாக்டீரியா இருக்கிறதா என்று பாருங்கள், உருப்படியாக இருக்கும். முறுக்குக்கும் நான் இந்த ஈஸ்ட், பூஞ்சண டெஸ்ட்டைப் பரிந்துரைப்பதில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் அது முதலில் நமுத்துப்போகும், அடுத்து எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். பூஞ்சணத்துக்குப் பயப்பட வேண்டியது அதிரசம், தேங்காய் பர்ஃபி, காயா (ரொட்டியில் தடவும் தேங்காய்ப்பால் ஜாம்), அரைத்த விழுது போன்றவற்றுக்குத்தான்.

கண்ணுக்கே தெரிகிற மாதிரி பூத்துப்போனதை டெஸ்டுக்கு அனுப்பாதீர்கள், தூக்கிப் போடுங்கள். பிரிக்காத பாக்கெட்டாக, தயாரித்த தேதியோடு, ஃபிரிட்ஜில் இருந்ததா வெளியே இருந்ததா என்று எழுதிக் கொடுங்கள். 5 நாள் என்பது பிளேட் போட்ட நாளிலிருந்து, டிஜி18 என்றால் 7 நாள்கூட ஆகலாம், அதன் பிறகுதான் ரிப்போர்ட் டைப் ஆகும். தீபாவளிக்கு முந்தின வாரம் போன் செய்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, அக்கா.