பெருக்கியும் பெருகாத பின்னம்

யாங்கோனில் மாலைத் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பகலில் பர்மிய மொழியில் கணக்குப் படிப்பவர்கள். கால் பங்கை அங்கே ‘லே போன் த போன்’ என்பார்கள். நாலு பங்கில் ஒரு பங்கு. தமிழிலும் ‘நான்கில் ஒன்று’தான். இரண்டு மொழியிலும் பகுதி (கீழெண்) முன்னால் வருகிறது, தொகுதி (மேலெண்) பின்னால் வருகிறது. எழுதும்போது மட்டும் கை மேலிருந்து தொடங்குகிறது. காதில் முதலில் விழுந்த நாலை மேலே போட்டு 4/1 என்று எழுதும் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று முடிவுகட்ட வேண்டாம். முதலில் கோடு, அடுத்து கீழே மொத்தப் பங்கு, கடைசியில் மேலே எடுத்த பங்கு என்று பழக்கினால் போதும்.

சமான பின்னத்தில், அதாவது எண்கள் மாறினாலும் மதிப்பு மாறாத பின்னத்தில், இடறுவது வேறொரு சொல்லில். 1/2-இன் மேலும் கீழும் இரண்டால் பெருக்கினால் 2/4 என்கிறோம். பிள்ளைக்கோ பெருக்குவது என்றால் பெருகுவது. ஆகவே 2/4 என்பது அரையைப் போல இரண்டு மடங்கு என்று நினைக்கிறது. திருப்பி 2/4-ஐச் சுருக்கச் சொன்னால், அளவே சுருங்கிவிட்டதாக எண்ணுகிறது. சூத்திரத்தை எத்தனை முறை ஒப்பித்தாலும் இது போகாது. பங்கு இரண்டு மடங்கானபோது ஒவ்வொரு பங்கும் பாதியாகிவிட்டது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அதற்கு 24 செ.மீ. நீளக் காகிதப் பட்டை நல்லது. அரை 12, மூன்றில் ஒன்று 8, கால் 6, ஆறில் ஒன்று 4, அரைக்கால் 3, பன்னிரண்டில் ஒன்று 2 செ.மீ.; எல்லாம் முழு எண்ணாகவே விழும். வெறுமனே பாதிபாதியாக மடித்துக்கொண்டே போனால் 1/2, 2/4, 4/8 மட்டும்தான் கிடைக்கும். 3/6-உம் அரைதான் என்பது விட்டுப்போகும். அதனால் மூன்றாகப் பிரிப்பதை மடிக்காமல் அளவுகோலால் குறிக்கச் சொல்லுங்கள். வட்டத் தோசையை மூன்றாக வெட்டுவது பெரியவர்களுக்கே வராது, அதை விட்டுவிடலாம்.

சந்தைக் கணக்கும் கைகொடுக்கும். பர்மாவில் ஒரு வீசை 100 டிக்கல், ஏறத்தாழ 1.63 கிலோ. கால் வீசை வெங்காயம் 25 டிக்கல்: 1/4 = 25/100. பழைய சென்னை வீசைக்கு 40 பலம். அங்கே கால் என்பது 10/40. பின்னம் சமானம், ஆனால் சென்னை வீசை சுமார் 1.4 கிலோதான், ஆகவே இரண்டு கால் வீசையும் ஒரே எடை இல்லை. ‘முழுசு எது?’ என்று கேட்காமல் பின்னத்தை ஒப்பிடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. பர்மாவில் அரிசி அளக்கும் ‘பியி’ என்ற அளவைக்கு எட்டுப் பால் டின், நம் படிக்கு எட்டு ஆழாக்கு; அரைப் படி நாலு ஆழாக்கு என்று தெரிந்த வீட்டில் 1/2 = 4/8-ஐப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாக 6/8 = ?/12 கொடுத்துப் பாருங்கள். எட்டை எந்த முழு எண்ணால் பெருக்கினாலும் பன்னிரண்டு வராது. உடனே கீழே நாலு கூடியது, மேலேயும் நாலு கூட்டு என்று 10/12 எழுதுவார்கள். திருத்தாதீர்கள், பட்டையை எடுக்கச் சொல்லுங்கள். 6/8 என்பது 18 செ.மீ., 10/12 என்பது 20 செ.மீ. அந்த 2 செ.மீ. எங்கிருந்து வந்தது என்று அவர்களே தேடட்டும். 3/4-க்கு இறங்கி 9/12-க்கு ஏறும் வழி அப்போது தானாகக் கிடைக்கும்.