சரிவில் நான்கு மீட்டர்

கோத்தகிரிப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் இலைவழி உரம் தெளிக்கும் ட்ரோன்களுக்கு, பைலட்டுகள் கிளம்புவதற்கு முன் வழிகாட்டி அமைப்பின் அளவுகளைப் பதிந்து கொடுப்பது என் வேலை. அவர்கள் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி சான்று பெற்றவர்கள்தான். ஆனால் அவர்களும் நானும் கை பழகியது சமவெளி நெல் வயல்களில். அங்கே சரியாக இருந்த அளவுகளை அப்படியே மலைக்கு ஏற்றிக்கொண்டு வந்தது என் பிழை.

வேகம் நொடிக்கு 3 மீட்டர், பறக்கும் வரிசைகளுக்கு இடைவெளி 4 மீட்டர், ஏக்கருக்கு 10 லிட்டர். இவற்றைக் கொடுத்துவிட்டால் இயந்திரமே கணக்கிட்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.78 லிட்டர் தள்ளும். மேலும் கீழுமாகப் பறந்தால் உயரம் அளக்கும் ரேடார் திணறும் என்பதால், வரிசைகளைச் சரிவுக்குக் குறுக்கே போட்டிருந்தோம்.

முதல் நாள் துத்தநாக சல்பேட் கரைசலைத் தெளிக்கும் முன், ஈரம் பட்டால் நீலமாகும் மஞ்சள் அட்டைகளைச் செடிகளின் மேல், கீழிருந்து மேலாக ஒரே கோட்டில் செருகிவைத்தேன். தெளித்து முடித்துப் பொறுக்கியபோது சில அட்டைகளில் நீலப் புள்ளிகள் நெருங்கிக் கிடந்தன. இரண்டு வரிசைகளுக்கு நடுவே இருந்தவை ஏறக்குறைய மஞ்சளாகவே இருந்தன. "பம்பு நன்றாகத்தானே ஓடுகிறது, சார்?" என்றார் பைலட். பம்பில் குறை எதுவும் இல்லை.

திரையில் நான் பதிந்த 4 மீட்டர், சரிவைக் கணக்கில் எடுக்காத தட்டையான வரைபடத்தின் 4 மீட்டர். 30 டிகிரிச் சரிவில் அதுவே செடிகளின் மேல் 4.6 மீட்டராக நீள்கிறது; வரைபடத்தில் ஒரு ஏக்கர் என்பது கொழுந்து பறிப்பவர்கள் நடக்கும் தரையில் ஏறத்தாழ 1.15 ஏக்கர். பள்ளிக்கூடத்தில் எதற்கு என்று தெரியாமல் உருப்போட்ட கோசைன், இத்தனை வருடம் கழித்துத் தேயிலைக் காட்டில் வந்து நின்றது.

இடைவெளியை 3.5 மீட்டராகக் குறைத்தேன். மஞ்சள் பட்டைகள் மறைந்தன. ஆனால் எல்லா அட்டைகளிலும் புள்ளிகள் மெலிந்திருந்தன. வரிசை குறுகியதும், ஏக்கருக்கு 10 லிட்டர் என்ற கணக்கை மீறக்கூடாதென்று இயந்திரம் பம்பின் வேகத்தையும் குறைத்திருந்தது. ஏக்கருக்கான அளவை 11.5 லிட்டராக உயர்த்திய பிறகு திரை நிமிடத்துக்கு 1.79 லிட்டர் என்று காட்டியது. சுற்றி வளைத்து, பம்பைப் பொறுத்தவரை நெல் வயலின் அளவுக்கே வந்து சேர்ந்திருந்தோம்.

இதைவிட ஆபத்தானது, பேட்டரி தீரும்போது ட்ரோன் தானாகத் திரும்பும் உயரம். அது கிளம்பிய இடத்திலிருந்து அளக்கப்படுவது. கீழே சாலையோரத்தில் கிளப்பி 20 மீட்டர் என்று பதிந்தால், மேலே 30 மீட்டர் ஏற்றத்தில் தெளித்துக்கொண்டிருக்கும் ட்ரோனுக்கு அந்த எண்ணால் பயனில்லை. நடுவில் நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்கள் நிற்கின்றன. ஆகவே மரத்தின் உச்சியை, அது வேரூன்றிய இடத்தின் ஏற்றத்தோடு சேர்த்துப் பதிகிறேன்.

இப்போது சரிவின் டிகிரியைக் கேட்காமல் எந்த அளவும் கொடுப்பதில்லை. 15 டிகிரி என்றால் வித்தியாசம் நான்கு விழுக்காட்டுக்கும் குறைவு, விட்டுவிடலாம். ஒரே காட்டில் இரண்டு விதமான சரிவு இருந்தால் பிரித்து இரண்டு கோப்புகளாகத் தருகிறேன். மூடுபனி இறங்குவதற்குள் முடிக்க வேண்டிய பைலட்டுகளுக்கு, நடுவில் நிறுத்திக் கோப்பை மாற்றுவது இன்னமும் எரிச்சல்தான்.